வெள்ளரி, முலாம் ஜாதிகளும் அவற்றின் மரபு அடையாளக் குறிகளும்

கள்ளக்குறிச்சி ஜில்லா உளுந்தூர்ப்பேட்டைத் தாலுகாவைச் சேர்ந்த களமருதூரிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும், தமிழ்நாட்டின் பிற பாகங்களிற்போலவே, "வெள்ளரி" என்னும் ஒரே பெயரால் பல பொருள்கள் குறிக்கப்படுகின்றன. பிஞ்சாகப் பறித்து உப்பும் மிளகாய்த் தூளும் தூவித் தின்பதும் வெள்ளரி; பழுத்தவுடன் தோல் வெடித்து மாப்போன்ற சதை வெளியே தோன்ற, ஓலை சுற்றி விற்கப்பட்டு, நாட்டுச் சர்க்கரையுடன் உண்ணப்படுவதும் வெள்ளரி; கடைகளில் ஆண்டு முழுவதும் கிடைக்கும் நீண்ட பச்சைக் காயும் வெள்ளரியே. இவற்றோடு, நீளமான கக்கரி ஒன்று. மணமும் இனிப்புமுள்ள முலாம் அல்லது கிர்ணி ஒன்று. மானாவாரிக் கொல்லைகளில் ஒருவரும் விதையாமலே முளைத்துப் படர்ந்து, மோரில் ஊறவைத்து உலர்த்தி வற்றலாக்கப்படும் சுக்காங்காய் ஒன்று. பெயரைக் கொண்டோ, காயின் தோற்றத்தைக் கொண்டோ இவற்றுள் எது எதற்கு உறவு என்று தீர்மானிக்கப் புகுந்தால் பெரும்பாலும் பிழையே நேரும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் விவாதமன்று. முலாம்பழம் பயிரிட்ட குடியானவர் ஒருவர், தம் பழத்தில் இனிப்புக் குறைந்ததற்குப் பக்கத்துக் கொல்லையின் வெள்ளரியே காரணமென்று வழக்காடுவது கோடைதோறும் கேட்கக்கூடிய ஒன்றாகும். அவ்வழக்கில் நியாயம் உண்டா? விடை சொல்வதற்கு முன், பக்கத்துக் கொல்லையில் இருந்த வெள்ளரி எந்த வெள்ளரி என்பது தெரிதல் வேண்டும்.

தாவர சாஸ்திரப்படி கடைகளில் விற்கும் நீண்ட பச்சை வெள்ளரி குக்குமிஸ் சட்டைவஸ் என்னும் இனத்தைச் சேர்ந்தது. அதன் உயிரணு ஒவ்வொன்றிலும் மரபுப் பொருளைத் தாங்கும் குரோமோசோம்கள் 7 ஜோடி உண்டு. முலாம், வெடிக்கும் வெள்ளரிப்பழம், கக்கரி, சுக்காங்காய் ஆகியவை யாவும் குக்குமிஸ் மெலோ என்னும் வேறோர் இனம். அவற்றுக்குக் குரோமோசோம்கள் 12 ஜோடி. ஏழும் பன்னிரண்டும் இணைந்து வித்து உண்டாவதில்லை. ஆகவே பச்சை வெள்ளரியின் மகரந்தம் முலாம்பூவின்மேல் எவ்வளவு விழுந்தாலும் யாதொரு கெடுதியும் இல்லை. ஆனால் பக்கத்தில் இருந்தது வெடிக்கும் வெள்ளரிப்பழமானால், அது முலாமுக்கு உடன்பிறப்பு போன்றது. தேனீக்களின் மூலம் தாராளமாகக் கலக்கும். அப்படிக் கலந்தாலும், அவ்வருஷத்துப் பழத்தின் சுவை மாறாது. ஏனெனில் பழச்சதை தாய்க்கொடியின் உடம்பேயாகும். கலப்பு விதைக்குள் இறங்கி, அவ்விதையை மறுவருஷம் ஊன்றும்போதுதான் பழத்தில் வெளிப்படும். அவ்வருஷத்து இனிப்புக் குறைவுக்குக் காரணத்தை, பழுக்கும் தருணத்தில் மிகுதியாகப் பாய்ச்சிய நீரிலோ, இலைகளைத் தாக்கிய நோயிலோ, முதிராமுன் பறித்த அவசரத்திலோ, அல்லது முந்திய வருஷமே கலந்துபோன விதையிலோ தேடுவது முறை. எனவே அண்டை வீட்டார்மேல் வழக்குத் தொடுப்பதற்கு இதில் இடம் குறைவு. விதை எடுத்த இடத்தைப்பற்றி யோசிப்பதற்கோ இடம் மிகுதி.

இத்தனை வேற்றுமையுள்ள காய்களும் பழங்களும் ஒரே இனம் என்பது முதலில் நம்புதற்கு அரிது. பிரான்ஸ் தேசத்துத் தாவர சாஸ்திரி ஷார்ல் நொதான் என்பவர் பல தேசத்து முலாம்களையும் ஒரே தோட்டத்தில் பயிராக்கி, ஒன்றோடொன்று கலப்புச் செய்து, அவை கலந்து வளமான சந்ததியைத் தருகின்றன என்று கண்டு, 1859ஆம் வருஷத்தில் அவற்றை ஒரே இனத்தின் வகுப்புகளாகப் பிரித்து எழுதினார். அவருக்கு இருந்த கருவிகள் கண்ணும் பொறுமையுமே. காயின் நீளம், தோலின் நிறம், கோடு, வலைப்பின்னல், மணம், புளிப்பு ஆகிய இவ்வகைக் குறிப்புகளைக் கொண்டே அதன்பின் நூறாண்டுக்கு மேலாக ஜாதிகள் பிரிக்கப்பட்டு வந்தன. இக்குறிப்புகளில் பல, மண்ணுக்கும் நீருக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறுவன. கரிசலில் விளைந்த ஒரு ஜாதியும், மணற்பாங்கில் விளைந்த அதே ஜாதியும் இரண்டு ஜாதிகளாகத் தோன்றுவதுண்டு. மாறாக, தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் இரண்டு ஊர்க் காய்கள் உள்ளுக்குள் வெகு தூரம் விலகியிருப்பதும் உண்டு.

இக்குழப்பத்தைத் தீர்க்க வந்தவையே மரபு அடையாளக் குறிகள். இவற்றின் தன்மையை நிலஅளவையோடு ஒப்பிட்டால் கிராம அதிகாரிகளுக்கு எளிதில் விளங்கும். ஒரு நிலத்தைப் "புளியமரத்துக் கொல்லை" என்று ஒருவர் சொல்வார். "கிழக்குக் காடு" என்று மற்றொருவர் சொல்வார். பயிரும் வருஷந்தோறும் மாறும். ஆனால் சர்வே எண்ணும் எல்லைக் கல்லும் மாறுவதில்லை. எல்லைக் கல்லில் ஒரு மணி நெல்லும் விளையாது. எனினும் நிலம் எது என்று அறிவிப்பது அக்கல்லே. அதுபோல, மரபுப் பொருளில் குறிப்பிட்ட சில இடங்கள் இனிப்பையோ நிறத்தையோ உண்டாக்காமலிருந்தாலும், கொடி எந்த வழியில் வந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன. தண்ணீர் பாய்ச்சினாலும் பாய்ச்சாவிட்டாலும், எரு இட்டாலும் இடாவிட்டாலும் அவை மாறுவதில்லை. முளைத்துப் பத்து நாளான நாற்றிலும் அவற்றைப் படிக்கலாம். காய்க்கும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை.

மரபுப் பொருளாகிய டி.என்.ஏ. என்பது அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட ஏடு போன்றது. ஸ்பெயின் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று 2012இல் முலாமின் ஏட்டைப் படித்து வெளியிட்டபோது, ஏறத்தாழ 37 கோடியே 50 லட்சம் எழுத்துகள் வரிசைப்படுத்தப்பட்டன. அவற்றுள் 27,427 ஜீன்கள் இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. இவ்வளவு பெரிய ஏட்டில் சில இடங்களில், இரண்டு மூன்று எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு மீண்டும் மீண்டும் அடுக்கப்பட்டிருக்கும். குவானைன், அடினைன் என்னும் இரண்டெழுத்து ஒரு ஜாதியில் 12 முறையும், மற்றொன்றில் 15 முறையும் அடுத்தடுத்து வரலாம். மூன்று அடுக்கு மிகுந்தால் அத்துண்டு ஆறு எழுத்து நீளும். இந்நீள வேற்றுமையே அடையாளக் குறியாகக் கொள்ளப்படுகின்றது. இதனைக் குறுந்தொடர் மீள்வரிசைக் குறி என்னலாம். முலாமில் இவ்வகைக் குறிகள் 1990களில் வழக்கிற்கு வந்தன. இக்காலத்தில் தனி எழுத்து மாற்றங்களையே ஆயிரக்கணக்கில் ஒருங்கே படிக்கும் முறையும் வந்துவிட்டது.

படிக்கும் விதம் வருமாறு. இளந்தளிரை அரைத்து, உப்பும் ஒரு வகை சோப்புச் சத்தும் கலந்த கரைசலில் சூடாக்கி, டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பார்கள். பின்னர், வேண்டிய துண்டை மாத்திரம் பெருக்குவதற்குப் பாலிமரேஸ் தொடர்வினை என்னும் முறை கையாளப்படுகிறது. இதனை 1983இல் கருதியவர் அமெரிக்கரான கேரி மல்லிஸ். இதற்காக 1993இல் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. கரைசலைச் சூடாக்கி ஆற்றும் ஒவ்வொரு சுற்றிலும் அத்துண்டு இரட்டிக்கும்; 30 சுற்றுகளில் ஒரு துண்டு 100 கோடிக்கு மேற்பட்ட துண்டுகளாகப் பெருகும். இவற்றை மெல்லிய கூழ்ப்பலகையின் ஒரு முனையில் இட்டு மின்சாரம் செலுத்தினால், நீளத்தில் குறைந்த துண்டு விரைந்து ஓடும், நீண்டது பின்தங்கும். அவை நின்ற இடங்கள் கோடுகளாகத் தெரியும். களமருதூர் விதையின் கோடும், வேறோர் ஊர் விதையின் கோடும் ஒரே மட்டத்தில் நின்றால் அவ்விடத்தில் இரண்டும் ஒன்று. மட்டம் வேறானால் வேறு.

உதாரணமாக மூன்று கிராமங்களின் வெள்ளரிப்பழ விதைகளை இருபது இடங்களில் படித்ததாக வைத்துக்கொள்வோம். முதலாவதும் இரண்டாவதும் பதினெட்டு இடங்களில் ஒத்து, மூன்றாவது ஆறு இடங்களில் மாத்திரம் ஒத்திருந்தால், முதலிரண்டும் அண்மைக் காலத்தில் ஒரே கையிலிருந்து பிரிந்தவை என்றும், மூன்றாவது தனி வழியில் வந்ததென்றும் கருதலாம். விதைக் கிடங்கில் இடம் குறைவாயிருப்பின், முதலிரண்டில் ஒன்றை விட்டாலும் விடலாம், மூன்றாவதை விடலாகாது. இம்முறையின் முதற்பயன் இதுவே.

இங்கே ஒரு தவறான எண்ணம் எழாதபடி காத்துக்கொள்ள வேண்டும். கோடுகள் ஒத்திருப்பதால் சுவையும் நோய் எதிர்ப்பும் ஒத்திருக்கும் என்பதில்லை. இருபது இடங்கள் 37 கோடியில் ஒரு துளியே. மேலும், நாட்டு ஜாதி என்பது ஒரே அச்சில் வார்த்த பொருளன்று. ஒரு கொல்லையிலேயே கொடிக்குக் கொடி வேற்றுமை உண்டு. ஒரே பழத்தின் விதையைப் படித்துவிட்டு "இதுவே இவ்வூர் ஜாதி" என்று எழுதுவது, ஒரு வீட்டாரைக் கண்டு ஊர் முழுவதையும் கண்டதாகச் சொல்வதை ஒக்கும். பல கொடிகளின் விதை வேண்டும். குறிகளோடு, காயின் தன்மையும் நோய்ப் பரீட்சையும் சேர்ந்தே முடிவு கொள்ளத்தக்கது.

இந்தியாவில் இவ்வாராய்ச்சி சிறந்த முறையில் செய்யப்பட்டிருக்கிறது. லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தில்லான் முதலியோர், வெடிக்கும் வெள்ளரிப்பழத்தின் 36 நாட்டு ஜாதிகளை இந்தியாவின் வெவ்வேறு மண்வளப் பிரிவுகளிலிருந்து சேகரித்து, மரபுக் குறிகளாலும் வயற்பரீட்சைகளாலும் ஆராய்ந்து, 2007இல் முடிவை வெளியிட்டனர். அத்தொகுதியில் அடிச்சாம்பல் நோயையும், வெள்ளரித் தேமல் முதலிய வைரஸ் நோய்களையும், அசுவினியையும், வேர்முடிச்சு நூற்புழுவையும் எதிர்க்கும் சக்தியுள்ள ஜாதிகள் காணப்பட்டன. அவர்கள் கண்ட மற்றொன்று நம் ஜில்லாவுக்கு நேரே பொருந்துவது. இந்திய வெள்ளரிப்பழத்தில் வேற்றுமை மிக அதிகமாகையால், விதை சேகரிப்பைப் பிரிவு வாரியாகவும் உட்பிரிவு வாரியாகவும் செய்தல் வேண்டும் என்பதே அது. தென்னிந்தியாவின் ஈரப்பதம் மிக்க பகுதிகளில் கறிக்கு உதவும் புளிப்பு முலாம் ஜாதிகளைப்பற்றி 2011இல் வெளிவந்த ஆராய்ச்சியும் இதற்குத் துணைபுரிகின்றது. வடநாட்டில் நூறு மாதிரி சேர்த்தாலும் அது கல்வராயன் மலையடிவாரத்துக் கொல்லைக்கு ஈடாகாது.

இவ்வளவு வேற்றுமை இங்கே இருப்பதற்குக் காரணமும் குறிகளாலேயே தெளிவாயிற்று. முலாமின் பிறப்பிடம் ஆப்பிரிக்கா என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. 2010இல் ஜெர்மனி தேசத்து ஆராய்ச்சியாளர்கள் குக்குமிஸ் குடும்பத்துச் செடிகளின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, முலாமும் வெள்ளரியும் ஆசியாவில் தோன்றியவை என்றும், முலாமுக்கு மிக நெருங்கிய காட்டுறவு ஆஸ்திரேலியாவில் உள்ளதென்றும் காட்டினர். 2019இல் சீனர்கள் முன்னின்று 1,175 மாதிரிகளைப் படித்து, மனிதர் இதனைப் பயிராக்கியது மூன்று தனித்தனி முறை என்றும், அவற்றில் ஒன்று ஆப்பிரிக்காவிலும் இரண்டு ஆசியாவிலும் நிகழ்ந்தன என்றும் முடிவு கூறினர். இதனைக் கொண்டு பார்த்தால், களையென்று பிடுங்கி எறியப்படும் சுக்காங்காயும் இப்பயிரின் குடும்பச் சொத்தில் பங்குள்ளதே.

இச்சொத்தின் மதிப்பை நம்மவரைவிட அயல்நாட்டார் முன்னரே உணர்ந்தனர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் 1925ஆம் வருஷத்திலிருந்து சாம்பல் நோய் முலாம் தோட்டங்களை அழித்து வந்தது. இந்தியாவிலிருந்து வந்த விதையொன்று அந்நோயைத் தாங்கியதைக் கண்டு, ஜாகர், ஸ்காட் என்னும் இருவர் அதனைத் தங்கள் இனிப்பு ஜாதியுடன் கலந்து, பி.எம்.ஆர். 45 என்னும் நோய் தாங்கும் முலாமை வெளியிட்டனர். அங்கே அத்தொழில் பிழைத்தது. சிறிது காலத்திற்குள் அந்நோயின் புதிய வர்க்கம் ஒன்று தோன்றி இந்த ஜாதியையும் தாக்கவே, மீண்டும் வேறு விதைகளைத் தேடினர். கல்கத்தாவிலிருந்து சென்ற பி.ஐ. 124111 என்னும் எண்ணுள்ள விதை அடிச்சாம்பல் நோயை எதிர்ப்பதற்கும், இந்திய வெள்ளரிப்பழத்தின் வழிவந்த பி.ஐ. 414723 வைரஸையும் அசுவினியையும் எதிர்ப்பதற்கும் பயன்பட்டன. இவ்விதைகளைக் காத்துவந்த குடியானவரின் பெயர் எங்கும் வழங்கவில்லை. எண் மாத்திரமே வழங்குகிறது.

இதனினும் கவனிக்கத்தக்க சம்பவம் ஒன்றுண்டு. வெள்ளை ஈயினால் பரவி இலைகளை மஞ்சளாக்கும் வைரஸ் நோயை எதிர்க்கும் சக்தி, பி.ஐ. 313970 என்னும் இந்திய முலாமில் காணப்பட்டது. அச்சக்தியைப் பிற முலாம்களில் ஏற்றிய கொடிகளுக்கு, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2011இல் மான்சாண்டோ கம்பெனிக்குக் காப்புரிமை வழங்கியது. அதனை எதிர்த்து இந்தியாவின் நவதான்யா உள்ளிட்ட பல சங்கத்தார் 2012இல் ஆட்சேபம் தெரிவித்தனர். 2016 ஜனவரியில் அக்காப்புரிமை ரத்து செய்யப்பட்டது. ரத்தானது நன்றே. ஆயினும் அயல்நாட்டுக் கிடங்கில் எண்ணிட்டு, பிறந்த தேசத்தைக் குறித்து வைத்திருந்ததனாலேயே அவ்விதை இந்தியாவினுடையது என்று எவரும் சொல்ல முடிந்தது. யாதொரு பதிவும் இல்லாத விதைக்கு அவ்வாறு வழக்காடுவது எங்ஙனம்?

ஆகையால் பதிவுபற்றிச் சில வார்த்தைகள் கூறுவது அவசியம். 2001ஆம் வருஷத்துப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், குடியானவர் தம் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறவும், முத்திரைப் பெயரிடாமல் விற்கவும் உரிமை அளிப்பதோடு, தாம் காத்துவந்த ரகத்தைத் தம் பெயரில் பதிவு செய்துகொள்ளவும் வழி செய்கின்றது. 2002ஆம் வருஷத்து உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் பல்வகைமை மேலாண்மைக் குழு அமைக்கப்பட்டு, மக்கள் பதிவேடு எழுதப்படவேண்டும். இதனை மேற்பார்க்கும் தேசிய ஆணையம் சென்னையிலேயே இருக்கின்றது. அப்பதிவேட்டில் "வெள்ளரி, ஒன்று" என்று எழுதி முடிப்பது பதிவாகாது. ஊரார் வழங்கும் பெயர், அதே பொருளுக்குப் பக்கத்து ஊரில் வழங்கும் பெயர், விதைக்கும் மாதம், நிலத்தின் தன்மை, பழம் வெடிப்பதா அல்லவா, புளிப்போ இனிப்போ, பிஞ்சோ பழமோ வற்றலோ எதற்கு உபயோகம், எத்தனை தலைமுறையாக யார் வீட்டு விதை என்னும் விவரங்கள் வேண்டும். ஆராய்ச்சிசாலையில் கோடுகளைப் படிக்கும்போது, இவ்விவரம் இல்லாத மாதிரி, பட்டாதார் பெயரில்லாத புலப்படத்தைப்போல் அரைப்பயனே தரும்.

விதையையும் சுத்தமாக வைத்திருத்தல் வேண்டும். சான்று விதைக்கு வேறு முலாம் ஜாதியிலிருந்து 500 மீட்டரும், ஆதார விதைக்கு 1,000 மீட்டரும் இடைவெளி விதிக்கப்பட்டிருக்கிறது. சிறு கொல்லைகள் நெருங்கிய கிராமங்களில் இது கைகூடாது. அங்கே கையால் மகரந்தம் சேர்ப்பதே உபாயம். காய்க்கும் பூவின் மொட்டையும் ஆண் மொட்டையும் மறுநாள் மலரும் தருணத்தில், முந்தின நாள் மாலையிலேயே நூலால் தளரக் கட்டிவிட வேண்டும். மறுநாட் காலையில், வெயில் ஏறுமுன், அதே ஜாதியின் வேறொரு கொடியிலிருந்து எடுத்த ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு, மகரந்தத்தைக் காய்ப்பூவின் சூல்முடியில் மெல்லத் தடவி, மீண்டும் கட்டி, காம்பில் வர்ணக் கயிறு ஒன்று முடிய வேண்டும். முலாம் ஜாதிகள் பலவற்றில் காய்க்கும் பூவிலேயே மகரந்தப்பைகளும் இருக்கும். ஏட்டில் ஒரே எழுத்து மாறியதால் இவ்வாறாயிற்று என்று 2008இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். அத்தகைய பூவில் பிற கொடியின் மகரந்தம் சேர வேண்டுமானால், முந்தின மாலையே அப்பைகளைச் சிறு இடுக்கியால் நீக்கிவிடுதல் நலம். கைச்சேர்க்கை எல்லாம் பலிப்பதில்லை. ஆகையால் வேண்டியதற்கு இரு மடங்கு பூக்களில் செய்து வைப்பது உசிதம்.

பெருத்த பழம் ஒன்றை மாத்திரம் விதைக்கு நிறுத்தும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. பார்வைக்கு அது நல்லதாயினும், அதனால் ஜாதியின் வேற்றுமை வருஷத்துக்கு வருஷம் சுருங்கிவிடும். குறைந்தது இருபது முப்பது கொடிகளிலிருந்து, கொடிக்கு ஒன்றாக, நோயற்ற பழங்களைக் கொள்ள வேண்டும். முற்றும் பழுத்த பின் விதையைச் சதையோடு ஓரிரவு புளிக்கவைத்து, அலசி, மிதப்பவற்றை நீக்கி, நிழலில் உலர்த்தி, உலர்ந்த சாம்பல் கலந்து மூடிய பாத்திரத்தில் வைப்பது போதுமானது. அதில் ஒரு பங்கைக் காகித உறையில் இட்டு, மேலே கண்ட விவரங்களை உறையின்மேல் எழுதி, வேளாண்மை விரிவாக்க மையத்தின்மூலம் தேசியத் தாவர மரபுவள வாரியத்தின் விதைக் கிடங்குக்கு அனுப்பலாம். ஒரு பங்கு வீட்டில் இருத்தல் வேண்டும். தை, மாசியில் ஊன்றிய கொடிகளில் பழம் முதிர்வது பங்குனி, சித்திரையிலாகையால், வியாபாரிக்குக் காய் பேசி முடிக்கும் முன்னரே, கயிறு முடிந்த பழங்கள் விலையில் சேராதவை என்று சொல்லி வைப்பது அவசியம்.